அழிக்க யாரால் முடியும்?

பேக்கப் சர்வரைச் சோதித்துத் தரச் சொல்லி ஒரு நிறுவனம் கூப்பிட்டால், போய் உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: "இங்கே இருக்கிற பேக்கப் அத்தனையையும் ஒருவர் அழிக்க நினைத்தால், யாரால் முடியும்? எந்த மேசையிலிருந்து? எந்தப் பாஸ்வேர்டைப் போட்டு?" பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது, மொத்தம் எத்தனை டெராபைட், கடைசியாக எந்த ஜாப் ஃபெயில் ஆனது என்பதெல்லாம் ஐடி பொறுப்பாளருக்கு விரல் நுனியில் இருக்கும். அழிப்பது பற்றி அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு காகிதத்தை எடுத்து இருவருமாக எழுத ஆரம்பிப்போம். டொமைன் அட்மின். பேக்கப் சர்வரின் லோக்கல் அட்மின். ஸ்டோரேஜ் பெட்டியின் வெப் பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் தெரிந்தவர். விஎம்வேர் அட்மின். கிளவுட் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர். வேலையை விட்டுப் போன பொறியாளரின் கணக்கை மூடவில்லை என்றால் அவரும்தான். சோதனையின் பாதி வேலை அந்தக் காகிதத்தில் முடிந்துவிடும்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்த காலத்தில் பயம் வேறு திசையில் இருந்தது. ஹார்ட் டிஸ்க் போய்விடும், யாராவது கை தவறி ஃபோல்டரை அழித்துவிடுவார்கள், சர்வர் அறையில் தீப்பிடிக்கும். 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபின் தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்தவர்கள் எல்லாம் வேறு ஊரில் ஒரு நகல் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தப் பயங்களுக்குத் தகுந்தாற்போலத்தான் அன்று நாங்கள் பேக்கப்பை அமைத்தோம். எல்லாவற்றையும் ஒரே டொமைனில் சேர்ப்போம், ஒரே அட்மின் கணக்கைக் கொடுப்போம், வேலை தடையில்லாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வராது. ரான்சம்வேர் கும்பல் தேடிக்கொண்டுதான் வரும். ரான்சம்வேரால் தாக்கப்பட்ட நிறுவனங்களிடம் சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024இல் நடத்திய கணக்கெடுப்பில், 94 சதவீதத்தினர் தாக்கியவர்கள் பேக்கப்பையும் குறிவைத்தார்கள் என்று சொன்னார்கள். பேக்கப் கைவசம் இருந்தால் பணம் கொடுக்க மாட்டார்கள் என்பது அந்தக் கும்பல்களுக்குத் தெரியும்.

பேக்கப் மென்பொருளின் இயல்பையும் சொல்ல வேண்டும். அது எல்லா மெஷினையும் படித்தாக வேண்டும். ஆகவே விஎம்வேரை நிர்வகிக்கும் விசென்டரின் பாஸ்வேர்ட், லினக்ஸ் சர்வர்களின் ரூட், டேட்டாபேஸ் கணக்கு, சில இடங்களில் டொமைன் அட்மின் பாஸ்வேர்டே கூட அதனிடம் இருக்கும். நிறுவனத்தின் முழுச் சாவிக்கொத்தும் மாட்டியிருக்கும் ஒரே ஆணி அதுதான். அந்தப் பாஸ்வேர்டுகளை அது என்கிரிப்ட் செய்துதான் வைத்திருக்கிறது. ஆனால் வேலை செய்யும் நேரத்தில் அதற்கே அவை திரும்பத் தேவைப்படுகின்றன என்பதால், அந்த சர்வரில் அட்மினாக நுழைந்த எவரும் அவற்றைப் பிரித்தெடுத்துவிட முடியும். எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும் இந்த அடிப்படை மாறாது.

நான் அதிகம் கையாள்வது வீம் என்ற பேக்கப் மென்பொருளை. 2023 மார்ச்சில் அதில் ஓர் ஓட்டை வெளியானது. எண் சிவிஇ-2023-27532. பேக்கப் சர்வரின் 9401 போர்ட்டை எட்ட முடிந்த எவரும், எந்த பாஸ்வேர்டும் இல்லாமலே, உள்ளே சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளைக் கேட்டு வாங்கிவிடலாம் என்ற நிலை. பேட்ச் உடனே வந்தது. எனக்குத் தெரிந்த வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஃபோன் செய்தோம். அந்த வாரத்தில் நான் பார்த்த பெரிய விஷயம், பேட்ச் போட்டார்களா இல்லையா என்பதைவிட, அந்தப் போர்ட் யார் யாருக்குத் தெரிந்தது என்பதுதான். ஒரு நூற்பாலையில் கேன்டீன் பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து 9401ஐத் தொட முடிந்தது. விருந்தினர் வைஃபையிலிருந்தும் முடிந்தது. அங்கே அன்று மாலையே பேட்ச் போட்டோம். ஆனால் அடுத்த ஓட்டை வரும்போதும் அந்த கேன்டீன் கம்ப்யூட்டர் அங்கேயேதான் இருக்கப் போகிறது.

அடுத்தது வரவும் செய்தது. 2024 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2024-40711 அதைவிடக் கடுமையானது. பாஸ்வேர்ட் இல்லாமலே சர்வருக்குள் கட்டளை ஓட்டலாம். அகிரா, ஃபாக் என்ற ரான்சம்வேர்கள் அதைப் பயன்படுத்திய சம்பவங்களை சோஃபோஸ் ஆய்வாளர்கள் அக்டோபரில் விவரித்தார்கள். தாக்கியவர்கள் முதலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத விபிஎன் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். பிறகு பேக்கப் சர்வரில் 'பாயின்ட்' என்ற பெயரில் ஒரு லோக்கல் கணக்கை உருவாக்கி, அதை அட்மின் குழுவிலும் ரிமோட் டெஸ்க்டாப் குழுவிலும் சேர்த்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் வந்த சிவிஇ-2025-23120 வேறு வகை. பேக்கப் சர்வர் டொமைனில் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டும் பாதிப்பு. சேர்க்கப்பட்டிருந்தால் டொமைனில் உள்ள சாதாரணப் பயனர் ஒருவரே அதற்குள் கட்டளை ஓட்டிவிடலாம். டொமைனுக்கு வெளியே வைத்திருந்தவர்களுக்கு அந்த வாரம் வழக்கமான வாரமாகப் போனது. ஓட்டை எது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சர்வரை எங்கே வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. என் வேலையில் நான் எதற்காகவாவது பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால் அது இதற்குத்தான்.

வீமின் 12ஆம் பதிப்பில் அமைப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும் ஒரு வசதி வந்தது. 12.1இல் அதற்கு 'செக்யூரிட்டி அண்ட் கம்ப்ளையன்ஸ் அனலைசர்' என்று பெயர். ஒரு பட்டனை அழுத்தினால் நீளமான பட்டியல் வரும். ரிமோட் ரெஜிஸ்ட்ரி மூடியிருக்கிறதா, பழைய எஸ்எம்பி பதிப்பு அணைந்திருக்கிறதா, கன்சோலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கிறதா, சர்வர் டொமைனில் இருக்கிறதா, மாற்ற முடியாத நகல் ஒன்றாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் போகும். நிறைவேறியது, நிறைவேறவில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை என்று எதிரில் குறி இருக்கும். நான்காவதாக ஒரு குறி உண்டு: 'ஒதுக்கப்பட்டது'. இந்த வரி எங்களுக்குப் பொருந்தாது என்று அட்மின் ஒதுக்கிவிடலாம். காரணத்தையும் குறிப்பாக எழுதி வைக்கலாம்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் நிறைவேறாத வரிகளைத்தான் முதலில் எண்ணுவார்கள். நான் ஒதுக்கிய வரிகளைத்தான் முதலில் திறப்பேன். நிறைவேறாதது இன்னும் யாரும் கவனிக்காததாக இருக்கலாம். ஒதுக்கியதை ஒருவர் பார்த்திருக்கிறார், யோசித்திருக்கிறார், வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவு எடுத்த அன்று சரியாகக்கூட இருந்திருக்கும். 'தற்காலிகம்' என்று எழுதியிருப்பார்கள், தேதி இருக்காது. 'வெண்டர் சொன்னபடி' என்று இருக்கும், எந்த வெண்டர் என்று இருக்காது. எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார். அதனால் எங்கள் அறிக்கையில் ஒவ்வொரு ஒதுக்கலுக்கும் ஒருவர் பெயரும், திரும்பத் திறந்து பார்க்க வேண்டிய தேதியும் கேட்கிறோம். பெயர் கொடுக்க யாரும் முன்வராத வரியை அந்தக் கூட்டத்திலேயே சரிசெய்துவிடலாம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

எல்லா வரிக்கும் ஒரே எடை கிடையாது. விண்டோஸ் சார்ந்த பாதிக்கு மேற்பட்ட வரிகளை ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டி ஒரே மதியத்தில் முடித்துவிடலாம். அதற்குள் ஒன்றை மட்டும் நான் நிதானமாகப் பார்ப்பேன். டபிள்யூடைஜஸ்ட் என்ற பழைய முறை, உள்ளே நுழைந்தவரின் பாஸ்வேர்டை அப்படியே நினைவகத்தில் வைத்திருக்கும். இப்போதைய விண்டோஸ் சர்வர்களில் அது இயல்பாகவே அணைந்திருக்கும். அதற்கான ரெஜிஸ்ட்ரி மதிப்பு 1 என்று இருந்தால், யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதை 0 ஆக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகக் கூடாது. எப்போது மாறியது, எந்தக் கணக்கு மாற்றியது என்று லாகில் தேட வேண்டும். திருடர்கள் பாஸ்வேர்டுகளைச் சேகரிக்க முதலில் செய்யும் காரியங்களில் அதுவும் ஒன்று.

டொமைனிலிருந்து பேக்கப் சர்வரைப் பிரிப்பதுதான் அதிகம் வாக்குவாதம் நடக்கும் இடம். மேலே சொன்ன நூற்பாலையின் ஐடி பொறுப்பாளர், நேர்மையான மனிதர், எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "சார், ரிமோட் டெஸ்க்டாப்பையும் மூடி, டொமைனையும் எடுத்துட்டா, ராத்திரி ஜாப் ஃபெயில் ஆச்சுன்னா நான் வீட்டுல இருந்து எப்படிங்க பார்க்கறது? வண்டி எடுத்துட்டு மில்லுக்கு வரணுங்களா?"

"வர வேண்டாங்க. கன்சோலை மட்டும் தனி மெஷின்ல போட்டுக்கலாம். அதுக்குள்ள நுழைய மொபைல்ல ஒரு கோட் கேட்கும். ஜாபை அங்கிருந்தே ஓட்டிக்கலாம். சர்வருக்குள்ள மட்டும் யாரும் நேரா இறங்க வேண்டாம்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு ஒருவரின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் ஏற்பாடு நிலைக்காது. நாம் வெளியே போன மறுநாளே அவர் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துகொள்வார். ஆகவே மாற்று வழியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பழைய வழியை மூட வேண்டும். டொமைனை விட்டு வெளியே வருவதற்கு இன்னொரு காரணத்தையும் அவருக்குச் சொன்னேன். டொமைன் கன்ட்ரோலரே அழிந்துபோன காலையில் அதை மீட்க வேண்டியது பேக்கப் சர்வர். அந்த பேக்கப் சர்வருக்குள் நுழையவே டொமைன் கன்ட்ரோலர் வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? டிஎன்எஸ்ஸும் அப்படித்தான். முக்கியமான ஹோஸ்டுகளின் முகவரிகளை பேக்கப் சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே எழுதி வைத்தோம். பிறகு பேக்கப் பகுதிக்குத் தனி விலான், நடுவில் ஃபயர்வால், தேவையான போர்ட் மட்டும் திறப்பு. இதில் ஒரு சிக்கல் வரும். சின்ன நிறுவனங்களின் ஃபயர்வால் இணையத்துக்கென்று வாங்கியது. பேக்கப் மொத்தமும் அதன் வழியே போனால் மூச்சு வாங்கும். 1 கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் வினாடிக்கு 125 மெகாபைட்தான், அப்படியென்றால் 10 டெராபைட்டை மீட்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபயர்வால் அதையும் பாதியாக்கினால் மில் இரண்டு நாள் நிற்கும். இந்தக் கணக்கை முதலாளியின் முன்னால் வைத்துப் போட்ட பிறகுதான் அங்கே 10 கிகாபிட் ஸ்விட்ச்சுக்கு ஒப்புதல் வந்தது.

மாற்ற முடியாத நகல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் போட்டுவிட்டாலே எல்லாம் முடிந்தது என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறவர்கள் பலர். வீம் 2021இல், 11ஆம் பதிப்பில், லினக்ஸ் சர்வரில் 'ஹார்டன்ட் ரெபாசிட்டரி' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நகலுக்கு ஒரு கெடு வைக்கலாம், குறைந்தது 7 நாள். கெடு முடியும்வரை பேக்கப் அட்மினே நினைத்தாலும் அழிக்க முடியாது. லினக்ஸ் பாஸ்வேர்டை நிறுவும்போது ஒரு முறை கேட்டுக்கொள்ளும், சேமித்து வைக்காது. பேக்கப் சர்வர் முழுதாகத் திருடர் கைக்குப் போனாலும் இந்தப் பெட்டிக்கான சாவி அங்கே கிடைக்காது. நல்ல ஏற்பாடு, நானும் முடிந்த இடத்திலெல்லாம் போடுகிறேன்.

ஆனால் மீண்டும் அந்தக் காகிதத்துக்குத்தான் வர வேண்டும். கோப்பை அழிக்க முடியாது, சரி. கோப்பு இருக்கும் டிஸ்க்கை அழிக்க யாரால் முடியும்? ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் இந்த ரெபாசிட்டரியை விஎம்வேரில் ஒரு மெய்நிகர் மெஷினாகவே போட்டிருந்தார்கள். விசென்டருக்குள் நுழைந்தவர் மெஷினை மொத்தமாக நீக்கினால் உள்ளே இருக்கும் கெடுவும் பூட்டும் சேர்ந்தே போய்விடும். அனலைசர் அதைப் பிடித்திருந்தது. யாரோ ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் சொன்ன பிறகு தனிப் பெட்டி வாங்கினார்கள். அடுத்து, அந்தப் பெட்டியின் மேலாண்மை போர்ட். ஐடிராக், ஐஎல்ஓ என்று அவரவர் வைத்திருக்கும் பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: சர்வரின் எதிரில் நேரில் நிற்பது போன்ற அதிகாரத்தை நெட்வொர்க் வழியே கொடுப்பது. அதற்குள் நுழைந்தால் வேறொரு ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்து ரெய்டை அழித்துவிடலாம். லினக்ஸுக்குள் நாம் போட்ட பூட்டு எதுவும் அதைத் தடுக்காது. அந்த போர்ட் அலுவலக நெட்வொர்க்கிலேயே, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டோடு இருந்தது. அன்று கேபிளைப் பிடுங்கிவிட்டேன். தேவைப்படும்போது ஒருவர் போய்ச் சொருகிக்கொள்ளட்டும்.

பிறகு கடிகாரம். கெடு என்பது தேதிக் கணக்கு. பெட்டிக்கு நேரம் சொல்லும் இடம் திருடர் கையில் இருந்தால், தேதியை இரண்டு மாதம் முன்னே தள்ளிக் கெடுவை முடித்துவிட முயல்வார். டொமைன் கன்ட்ரோலரிடமிருந்தே நேரம் வாங்கும் அமைப்பில் இந்த ஆபத்து இருக்கிறது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு பொருத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பவையும் அதில்தான். பெரும்பாலானோர் நேர விதியைச் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். ரெபாசிட்டரியின் நேரத்தை டொமைனிலிருந்து பிரித்து, நம்பகமான நேர சர்வரோடு நேராக இணைக்க எனக்கு அந்த விதி நல்ல ஆதாரமாக இருந்திருக்கிறது.

கிளவுட்டில் வைப்பவர்களுக்கும் இதே கேள்வி. எஸ்3 ஆப்ஜெக்ட் லாக்கில் கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ் என்று இரண்டு முறைகள். முதலாவதில் தனி அனுமதி பெற்ற கணக்கு பூட்டை மீறி அழித்துவிடலாம். இரண்டாவதில் கணக்கின் சொந்தக்காரரே கெடுவுக்கு முன் அந்த நகலை அழிக்க முடியாது. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் ஒருவர் நுழைந்தார். சர்வர், ஸ்னாப்ஷாட், பேக்கப் எல்லாம் அந்த ஒரே கணக்குக்குள் இருந்தன. பெரும்பகுதி அழிந்தது; நிறுவனம் தொழிலையே மூடிவிட்டது. டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் 2023 ஆகஸ்டில் இழந்ததும் இதே வகை. டேட்டா சென்டர் மாற்றும்போது தொற்றுள்ள சர்வர்கள் உள் நெட்வொர்க்கோடு இணைந்துவிட, மத்திய நிர்வாக அமைப்பும் பேக்கப்புகளும் ஒரே நேரத்தில் போயின. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் டேட்டா திரும்பவில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டபோது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிட்டல் டேட்டாவை மீட்டார்கள். எத்தனை நோயாளிகளின் பதிவுகள் அந்த ஒரு பெட்டி தப்பியதால் தப்பின என்று நினைக்கும்போதெல்லாம் இந்த வேலை மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

பாஸ்வேர்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேக்கப் மென்பொருளின் அமைப்புகளுக்கே ஒரு பேக்கப் உண்டு. இயல்பாக அது அதே சர்வரில் போய் உட்காரும். வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். அதை என்கிரிப்ட் செய்யாவிட்டால் சேமித்த பாஸ்வேர்டுகள் அதில் வராது. என்கிரிப்ட் செய்யப் பயன்படுத்திய பாஸ்வேர்டைக் கோப்பு சர்வரில் ஒரு எக்ஸெல் தாளில் எழுதி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எக்ஸெல்லை மீட்கவும் அதே பாஸ்வேர்ட்தான் வேண்டும். காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, முதலாளி வீட்டில் ஒன்று, வங்கி லாக்கரில் ஒன்று. வேறு வழி நான் சொல்வதில்லை.

எச்சரிக்கை மெயில் போகிறதா என்பதையும் அனலைசர் கேட்கும். வருகிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துக்கொண்டது. பிறகு பார்த்தால், டேட்டாபேஸ் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் பொருந்தாமல் தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி மெயில்கள் போயிருக்கின்றன. மெயில் அனுப்பியவரைச் சரிபார்க்கும் டிமார்க் முறையில் அவை நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. நான் போகும் இடங்களில் ஒரு ஜாபை வேண்டுமென்றே தோற்கடித்துவிட்டு, பொறுப்பாளரின் ஃபோனில் மெயில் வந்து சேரும்வரை காத்திருப்பேன். அதே நாளில் ஏதாவது ஒரு மெஷினைத் தனி நெட்வொர்க்கில் மீட்டு, அக்கவுன்ட்ஸ் பிரிவு ஆளைக் கூப்பிட்டு, நேற்றைய வவுச்சர் இருக்கிறதா என்று அவர் கண்ணாலேயே பார்க்கச் சொல்வேன்.

இவ்வளவும் தனி சர்வர், தனி ஸ்விட்ச் வாங்க முடிந்தவர்களுக்கு. ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளர் என்னிடம், "எங்ககிட்ட இருக்கறதே ரெண்டு கம்ப்யூட்டர்தாங்க. எங்களுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு வெளி டிஸ்க் வாங்கச் சொன்னேன். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று. பேக்கப் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். சொருகியிராத டிஸ்க் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். பிட்லாக்கர் போட்டு, மீட்புச் சாவியை அச்சடித்துத் தலைவரிடம் ஒன்று, செயலாளரிடம் ஒன்று. காலாண்டுக்கு ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் சொருகி, உறுப்பினர் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டிஸ்க்கை எடுத்தது யார், வைத்தது யார் என்று எழுத ஒரு நோட்டு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அன்றே போட்டோம், இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கும் அதில் ஒரு கட்டம் வைத்தோம்.